மூதாதையரைக் காட்டும் எச்சில் பரிசோதனை: நீலகிரியிலிருந்து ஒரு மதிப்புரை

எச்சிலைக் குப்பியில் உமிழ்ந்து அனுப்பினால், நம் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்று விழுக்காட்டுக் கணக்கோடு சொல்லித் தரும் மரபணுப் பரிசோதனைகளை இன்று பல நிறுவனங்கள் இணையத்தில் விற்கின்றன. அவற்றில் ஒன்றை நான் பணம் கொடுத்து வாங்கி, அறிக்கையைப் பெற்று, அதை வீட்டுப் பெரியவர்களோடு உட்கார்ந்து படித்த பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. இங்கே நான் சொல்லப்போகும் குறைகளில் பெரும்பாலானவை இந்தப் பொருளின் இயல்பிலேயே உள்ளவை என்பதால், எந்த நிறுவனத்திடம் வாங்க நினைப்பவருக்கும் அவை பொருந்தும்.

விலை எட்டாயிரம் ரூபாயை ஒட்டி இருந்தது. எங்கள் பகுதியில் அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் நாட்கூலி நானூற்றுச் சொச்சம் ரூபாய். அந்தக் கணக்கில் இந்தக் குப்பியின் விலை ஏறக்குறைய மூன்று வாரக் கூலி. என் தாத்தாவும் அப்பாயியும் அந்தத் தோட்டத்தில்தான் வேலை செய்தார்கள். நான் படித்து வேறு வேலைக்குப் போனதால் மட்டுமே இப்படியொன்றை வாங்க முடிந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தங்கள் பூர்வீகம் தெரியாமல் உண்மையிலேயே அல்லல்படும் மக்களில் பெரும்பாலோருக்கு இது எட்டாத விலை.

பொட்டலத்தில் ஒரு சிறிய பிளாஸ்டிக் குழாய், அதன் மூடியில் அடைத்த நீலத் திரவம், பட்டைக்குறி ஒட்டிய உறை, ஒப்புதல் படிவம் ஆகியவை இருந்தன. எச்சில் கொடுப்பதற்கு முன் அரை மணி நேரம் எதையும் உண்ணவோ குடிக்கவோ கூடாது. குறியீட்டளவு எச்சில் சேர்ந்ததும் மூடியைத் திருகினால் நீலத் திரவம் அதனோடு கலந்து மரபணுவைக் கெடாமல் காக்கிறது. கூரியர்காரர் வீட்டுக்கே வந்து வாங்கிச் சென்றார். மலைப்பாதையில் இருக்கும் எங்கள் ஊருக்கு அது பெரிய வசதி. சொன்ன காலத்துக்குச் சற்றுத் தாமதமாக அறிக்கை வந்தது. இந்த ஏற்பாடுகளில் எனக்குக் குறையில்லை.

படிவத்தில் மட்டும் ஓரிடத்தில் பேனா நின்றது. பெயர், வயது, முகவரி ஆகியவற்றுக்குப் பிறகு தாயின் சமூகம், தந்தையின் சமூகம், இருவரின் பூர்வீக ஊர் ஆகியவற்றைக் கேட்டிருந்தார்கள். விருப்பமிருந்தால் நிரப்பலாம் என்று பொடி எழுத்தில் அடிக்குறிப்பு இருந்தது. நான் நிரப்பவில்லை. என் சித்தப்பா மகனும் இதே பரிசோதனையைச் செய்துகொண்டான், அவன் நிரப்பினான். அவனுக்கு வந்த அறிக்கையில் 'உங்கள் சமூகத்தோடு உங்கள் நெருக்கம்' என்றொரு பக்கம் கூடுதலாக இருந்தது. எனக்கு அந்தப் பக்கமே இல்லை. அதாவது, சாதியைப் பற்றி அந்த நிறுவனத்துக்குத் தெரிந்ததெல்லாம் வாடிக்கையாளர் தானே எழுதிக் கொடுத்ததுதான். நாம் சொன்னதை நமக்கே திருப்பிச் சொல்லிவிட்டு, அதற்கு அறிவியலின் முத்திரையை வைக்கிறார்கள். வாங்க நினைப்பவர்கள் எல்லாவற்றுக்கும் முன்பாக இதைப் புரிந்துகொள்வது நல்லது.

இனி அறிக்கைக்கு வருகிறேன். மனித மரபணுத் தொகுதியில் சுமார் 300 கோடி எழுத்துகள் இருக்கின்றன. இத்தகைய பரிசோதனைகள் அவை அனைத்தையும் படிப்பதில்லை. மனிதருக்கு மனிதர் மாறுபடும் இடங்களில் சுமார் ஆறு ஏழு லட்சத்தை மட்டும் ஒரு சில்லில் (சிப்) படித்து, தம்மிடம் ஏற்கெனவே உள்ள மாதிரிகளோடு ஒப்பிடுகின்றன. அந்த மாதிரிகள் இன்று வாழ்கிற மனிதர்களுடையவை. ஆகவே 'உங்களுக்கு இந்தப் பகுதி இத்தனை விழுக்காடு' என்று வரும் எண், இன்று அந்தப் பகுதியைச் சேர்ந்தவர்களாகக் கொள்ளப்படுகிற சிலரோடு நமக்குள்ள ஒற்றுமையைத்தான் காட்டுகிறது. முன்னோர் எந்த நூற்றாண்டில் எந்த ஊரில் இருந்தார்கள் என்பதை அது நேரடியாகச் சொல்வதில்லை. மாதிரித் தொகுப்பை நிறுவனம் புதுப்பித்தால், நம் எச்சில் மாறாமலேயே விழுக்காடு மாறும். இந்த விளக்கம் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. முதல் பக்கத்தில் வண்ண வரைபடம் இருந்தது.

எனக்கு வந்த வரைபடத்தில் தென்னிந்தியாவுக்குப் பெரும்பங்கும் இலங்கைக்குப் பத்து விழுக்காட்டுக்குச் சற்று மேலும் தந்திருந்தார்கள். அதைப் பார்த்த அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. "பாரு, நாம சிலோன்னு மிசினே சொல்லிடுச்சு" என்றார். அவர் பிறந்தது இலங்கையில் பதுளைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில். நீலகிரிக்கு வந்த பிறகு பள்ளிக்கூடத்தில் அவரைச் 'சிலோன்காரன்' என்று அழைத்தார்கள். அந்த விழுக்காட்டை அவர் தன் பிள்ளைப் பருவத்துக்குக் கிடைத்த சான்றாக எடுத்துக்கொண்டார். ஆனால் அந்த எண்ணுக்கும் பதுளைக்கும் தொடர்பு இருக்க வாய்ப்பில்லை. தெற்காசியர்களை ஒப்பிடுவதற்கு உலகெங்கும் ஆய்வாளர்கள் பயன்படுத்தும் பொதுத் தொகுப்பு, 'ஆயிரம் ஜீனோம்' திட்டத்தில் சேர்க்கப்பட்ட ஐந்து குழுக்களைக் கொண்டது: அமெரிக்காவின் ஹூஸ்டனில் வாழும் குஜராத்தியர், லாகூர்ப் பஞ்சாபியர், வங்கதேச வங்காளியர், பிரிட்டனில் வாழும் தெலுங்கர், பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர். அந்த ஐந்தில் ஒன்றுகூட இந்தியாவுக்குள் எடுக்கப்பட்ட மாதிரி இல்லை. ஐந்தில் மூன்று குழுக்கள் கடல் கடந்து குடியேற முடிந்தவர்களுடையவை; அவர்கள் இந்த நிலப்பரப்பின் அளவுகோலாகியிருக்கிறார்கள். லயத்தில் பிறந்தவர்களும் சேரியில் பிறந்தவர்களும் அந்த அளவுகோலால் அளக்கப்படுகிறார்கள். இந்தியாவில் ஜீனோம் இந்தியா திட்டம் 10,000 பேரின் மரபணுத் தொகுதியைப் படித்து முடித்ததாக 2024-இல் அறிவித்தது. அது நல்ல தொடக்கம். தனியார் அறிக்கைகளில் அதன் பயன் எப்போது தெரியும் என்பது அந்தந்த நிறுவனத்தின் அக்கறையைப் பொறுத்தது.

அடுத்த பகுதி தாய்வழி, தந்தைவழி மரபுக்கோடுகள். மைட்டோகாண்ட்ரியா மரபணு தாயிடமிருந்து பிள்ளைகளுக்கு வருகிறது. ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் போகிறது. நான் பெண் என்பதால் தந்தைவழிப் பக்கம் எனக்கு வெறுமையாக வந்தது. உடன்பிறந்த ஆண் ஒருவருக்கு இன்னொரு குப்பி வாங்குமாறு பரிந்துரை இருந்தது. தாய்வழியில் எனக்கு வந்தது எம் என்ற பெரும் பிரிவின் ஒரு கிளை. இந்தியாவில் மிகப் பரவலாகக் காணப்படும் பிரிவு அது. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கு வந்து சேர்ந்த ஆதி மனிதர்களோடு நம்மை இணைப்பது. சாதி வரிசையின் எந்தப் படியில் இருப்பவரிடமும் அதைக் காணலாம்.

இந்தப் பகுதியைப் படித்தபோது என்னை உறுத்தியது வேறொன்று. மைட்டோகாண்ட்ரியா கோடு என் அம்மா, அம்மாவின் அம்மா என்று பின்னோக்கிப் போகிறது. ஒய் கோடு என் தம்பி மூலம் அப்பா, தாத்தா என்று போகிறது. என் அப்பாவின் அம்மா, அதாவது கைக்குழந்தையோடு கப்பலேறி வந்து, அட்டைக்கடியில் கொழுந்து பறித்து எங்கள் எல்லோரையும் ஆளாக்கிய அப்பாயி, இந்த இரண்டு கோடுகளிலும் இல்லை. அவரிடமிருந்து எனக்கு வந்த மரபணு, ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, விழுக்காட்டுக் கணக்குக்குள் பெயரில்லாமல் கரைந்துவிடுகிறது. பத்துத் தலைமுறை பின்னால் போனால் ஒருவருக்கு 1,024 மூதாதையர் இடங்கள் இருக்கின்றன. இந்த இரண்டு கோடுகளும் அவர்களில் இரண்டே பேரைத் தொடுகின்றன. மீதிப் பேரில் சிலரிடமிருந்து நமக்கு ஒரு துளி மரபணுகூட வந்திருக்காது. அப்படியிருக்க, அந்த ஒற்றைக் கோட்டை வைத்து 'உங்கள் குலம்' என்று தலைப்பிடுவது தவறு. இந்த அறிக்கையில் அந்தத் தலைப்புக்குக் கீழே வாளேந்திய வீரன் ஒருவனின் ஓவியமும் இருந்தது. என் முன்னோரில் யாரும் வாளேந்தியதாக வீட்டில் எவரும் சொல்லக் கேட்டதில்லை. அவர்கள் மண்வெட்டியும் கவ்வாத்துக் கத்தியும் பிடித்தவர்கள். அந்த ஓவியத்தை வரையச் சொன்னவருக்கு, உழைத்தவர்களின் வம்சம் என்பதை வாடிக்கையாளர் விரும்பமாட்டார் என்ற எண்ணம் இருந்திருக்க வேண்டும். அந்த எண்ணத்தைத்தான் நான் கடுமையாக எதிர்க்கிறேன்.

இத்தனைக்கும் உண்மையான ஆய்வுகள் சொல்லும் செய்தி இதைவிட எவ்வளவோ மதிப்புள்ளது. ஹைதராபாத்தில் உள்ள உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்தின் லால்ஜி சிங், குமாரசாமி தங்கராஜ் ஆகியோர் அமெரிக்க மரபியலாளர் டேவிட் ரைக் குழுவினரோடு சேர்ந்து 2009-இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியாவின் பெரும்பாலான குழுக்கள் இரண்டு பழைய மக்கள்திரள்களின் வெவ்வேறு விகிதக் கலப்பு என்று காட்டியது. 2013-இல் வந்த தொடர் ஆய்வு, அந்தக் கலப்பு சுமார் 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன் நடந்தது என்றும், அதன் பிறகு தத்தம் குழுவுக்குள்ளேயே மணந்துகொள்ளும் அகமணம் இறுகியது என்றும் கணித்தது. மேற்கு வங்கத்தின் கல்யாணி நகரில் உள்ள உயிரிமருத்துவ மரபணுவியல் நிறுவனத்தினர் 2016-இல் வெளியிட்ட ஆய்வும், சுமார் 70 தலைமுறைகளுக்கு முன் பல குழுக்களில் கலப்பு திடீரென நின்றுபோனதாகக் கூறியது. இந்த நாட்டில் மனிதர்கள் ஒருகாலத்தில் தாராளமாகக் கலந்து வாழ்ந்தார்கள். பிறகு யாரோ சுவர் எழுப்பினார்கள். அந்தச் சுவர் நம் ஒவ்வொருவரின் எச்சிலிலும் பதிவாகியிருக்கிறது. விலைகொடுத்து வாங்கிய அறிக்கையில் இதைப் பற்றி ஒரு பத்தியாவது இருக்கும் என்று எதிர்பார்த்தேன். வாளேந்திய வீரனுக்கு முழுப்பக்கம் இருந்தது, இதற்கு இடமில்லை.

மரபணு அறிக்கை ஆயிரக்கணக்கான ஆண்டுகளைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் எங்களைப் போன்றவர்களின் நிலையைத் தீர்மானித்தது கடைசி இருநூறு ஆண்டுகள். திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரை, திருநெல்வேலிப் பகுதிகளிலிருந்து பஞ்சத்துக்கும் கடனுக்கும் அஞ்சிய மக்களைக் கங்காணிகள் இலங்கை மலைகளுக்கு அழைத்துச் சென்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். முதலில் காப்பி, இலைநோயால் காப்பி அழிந்த பிறகு தேயிலை என்று தலைமுறை தலைமுறையாக அந்த மலைகளைச் செழிக்க வைத்தவர்களின் குடியுரிமையை, இலங்கை விடுதலை பெற்ற 1948-ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் பறித்தது. 1964 அக்டோபர் 30-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள்: 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மீதியைப் பிறகு பேசிக்கொள்ளலாம். அந்த மீதி 1,50,000 பேரையும் 1974-இல் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். இரண்டு அரசுகள் பேசிப் பங்கு போட்ட அந்தக் கணக்கில் ஓர் எண்ணாகத்தான் என் குடும்பம் 1973-இல் தலைமன்னாருக்குக் கோச்சி என்று நாங்கள் சொல்லும் ரயிலிலும், அங்கிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பலிலும் வந்தது. மண்டபம் முகாமில் சில நாள் வைத்திருந்து நீலகிரிக்கு அனுப்பினார்கள். அங்கே 'கள்ளத்தோணி' என்ற வசவு, இங்கே 'சிலோன்காரர்' என்ற விலக்கல்.

எங்கள் வீட்டில் பூர்வீகத்துக்கு இருக்கும் ஒரே சான்று, தாத்தாவின் பழைய இந்தியக் கடவுச்சீட்டு. ஒரே சீட்டில் தாத்தா, அப்பாயி, பிள்ளைகள் எல்லோரும் அடங்கியிருக்கிறார்கள். புகைப்படத்தில் தாத்தா கடன் வாங்கிய கோட்டு அணிந்திருக்கிறார். தோள்பட்டை அவருக்குப் பொருந்தவில்லை. பூர்வீக ஊர் என்ற இடத்தில் திருச்சி ஜில்லா, துறையூர் தாலுகா என்று எழுதி, ஊரின் பெயரை எழுத்தர் தன் காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் குறித்திருக்கிறார். அதை இரண்டு வேறு ஊர்களின் பெயராகப் படிக்கலாம். அந்த ஐயத்தின் விலையை நாங்கள் நெடுங்காலம் கொடுத்தோம். அத்தைக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டபோது ஓர் அலுவலகத்தில், பூர்வீக ஊரிலிருந்து எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். ஊருக்குப் போனால், நான்கு தலைமுறைக்கு முன் போனவர்களுக்கு இங்கே என்ன பதிவு இருக்கும் என்று கேட்டார்கள். சான்றிதழ் வரும்போது கல்லூரிச் சேர்க்கை முடிந்திருந்தது. அத்தை அதற்குப் பிறகு படிக்கவில்லை.

ஆகவே, பரிசோதனை அறிக்கையைக் காட்டியபோது சித்தப்பா கேட்ட முதல் கேள்வி எனக்கு வியப்பளிக்கவில்லை. "இதைக் கொண்டுபோய் காட்டினா சாதிச் சான்று குடுப்பாங்களா, பாப்பா?" என்றார். கொடுக்கமாட்டார்கள், கொடுக்கவும் கூடாது. எந்தச் சாதிக்கும் தனியான மரபணு கிடையாது. சாதி என்பது ஒருவர் எங்கே குடியிருக்கலாம், யாரை மணக்கலாம், எந்தக் குவளையில் தேநீர் குடிக்கலாம் என்று பிறர் விதித்த கட்டுப்பாடு. அதை எந்தச் சில்லும் படிக்காது. ஆனாலும் சித்தப்பாவின் கேள்வியில் இருந்த நியாயத்தை நான் மதிக்கிறேன். சொந்த முன்னோரை நிரூபித்தாக வேண்டிய கட்டாயம் எங்களுக்கு இருக்கிறது. நிலமும் பட்டாவும் கோயில் கல்வெட்டில் முப்பாட்டன் பெயரும் உள்ளவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, அவர்களுக்கு இந்தப் பொருள் ஒரு பெருமித வாசிப்பு.

உறவினர் பொருத்தம் என்ற வசதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் மூலத் தரவைப் பதிவிறக்கி வேறு தளங்களில் ஏற்றினால், நம்மோடு நீளமான மரபணுத் துண்டுகளைப் பகிர்பவர்களின் பட்டியல் கிடைக்கும். பதிவிறக்க அனுமதிப்பது இந்தச் சேவையின் நல்ல அம்சங்களில் ஒன்று. பட்டியலில் எனக்குத் தொலைதூர உறவாகக் காட்டப்பட்ட ஒருவர், தம் குடும்பம் துறையூர்ப் பக்கம் என்று குறிப்பிட்டிருந்தார். நான் கடவுச்சீட்டில் உள்ள இரண்டு ஊர்ப் பெயர்களையும் எழுதிக் கேட்டேன். உற்சாகமாகப் பதில் எழுதினார். இரண்டில் ஒன்று அவருடைய பாட்டியின் ஊருக்கு அடுத்த ஊர். அடுத்த செய்தியில், "தப்பா நினைக்காதீங்க, நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டார். நான் மறைக்காமல் சொன்னேன். "அப்படின்னா கம்ப்யூட்டர் ஏதோ தப்பாக் காட்டியிருக்கு" என்பதுதான் அவரிடமிருந்து வந்த கடைசிச் செய்தி. அகமணம் இறுகிய நம் நாட்டில் தொலைதூரப் பொருத்தங்கள் மிகையாகக் காட்டப்படுவது உண்டு என்பதை நான் அறிவேன். எங்களுக்குள் உறவே இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அவர் ஐயப்பட்டது துண்டின் நீளத்தைப் பார்த்து அல்ல.

தரவின் பாதுகாப்பு பற்றி வாங்குபவர்கள் நன்றாக யோசிக்க வேண்டும். இதே போன்ற பரிசோதனைகளை விற்கும் அமெரிக்காவின் 23அண்ட்மி நிறுவனத்திலிருந்து 2023-இல் சுமார் 69 லட்சம் பேரின் தகவல்கள் திருடப்பட்டன. திருடியவர்கள் யூத, சீன வம்சாவளியினரைத் தனிப் பட்டியல்களாக்கி விற்பனைக்கு வைத்தார்கள். 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரியது. பிறகு அதன் உடைமைகளோடு மக்களின் மரபணுத் தரவும் கைமாறியது. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டுத் தனிநபர்த் தரவுச் சட்டம் மரபணுத் தகவலுக்கென்று தனிப்பிரிவு எதையும் வகுக்கவில்லை. பெயர், கைப்பேசி எண், சாதி, மரபணு ஆகிய நான்கும் ஒரே கோப்பில் இருக்கும் ஒரு பட்டியல் நம் ஊரில் தவறான கைகளுக்குப் போனால் என்ன நடக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

கூடுதல் கட்டணத்தில் தரப்படும் மருத்துவ அறிக்கையை நான் வாங்கவில்லை. ஆனால் பரம்பரை நோய் உள்ள குடும்பத்தினருக்கு மரபணுச் சோதனை உண்மையிலேயே பயன்படும். தெற்காசியாவில் 260-க்கும் மேற்பட்ட குழுக்களை ஆராய்ந்த 2017-ஆம் ஆண்டு ஆய்வு, 81 குழுக்கள் மிகச் சிறிய தொடக்க மக்கள்தொகையிலிருந்து பெருகி அகமணத்தால் அடைபட்டவை என்றும், அதனால் அரிய பரம்பரை நோய்களுக்கு அவற்றில் வாய்ப்பு அதிகம் என்றும் கண்டது. அத்தகையவர்கள் இணையக் கடையை நாடாமல், மருத்துவக் கல்லூரிகளில் உள்ள மரபியல் ஆலோசகரைப் பார்ப்பதே சரி.

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரங்கள் தருகிறேன். ஆய்வக வேலைக்கு ஒன்று, மூலத் தரவை நம் கையிலேயே தருவதற்கு இன்னொன்று. பூர்வீகத்தைத் தேடும், இலங்கை மலையகத்திலிருந்து வந்த குடும்பங்களுக்கு நான் சொல்லக்கூடியது, முதலில் பழைய கடவுச்சீட்டு, குடும்ப அட்டை, தோட்டத்துப் பிறப்புப் பதிவு, தேவாலய ஞானஸ்நானப் பதிவு ஆகியவற்றைப் படமெடுத்துப் பத்திரப்படுத்துங்கள். வீட்டில் எண்பதைத் தாண்டியவர் இருந்தால் அவர் பேசுவதைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். அப்பாயி ஒரே மாலையில் சொன்ன கங்காணியின் பெயரும் குலதெய்வத்தின் பெயரும், இரண்டு ஊர்களில் எது எங்கள் ஊர் என்ற கேள்விக்கு அறிக்கையைவிட அதிகம் உதவின. அதன் பிறகும் பரிசோதனை செய்ய விரும்பினால், சமூகம் என்ற கட்டத்தை வெறுமையாக விடுங்கள். ஆய்வுக்குப் பயன்படுத்த ஒப்புதல் கேட்கும் பெட்டியில் நன்கு யோசித்த பிறகே குறியிடுங்கள். அறிக்கை வந்ததும் எச்சில் மாதிரியை அழித்துவிடுமாறு மின்னஞ்சலில் எழுத்து மூலமாகக் கேட்டு, அழித்ததற்கான பதிலையும் வாங்கி வையுங்கள். எனக்கு அந்தப் பதில் இரண்டாவது நினைவூட்டலுக்குப் பிறகுதான் வந்தது.